ஆளில்லாக் கடையில் ஒன்பது நாள்

பேர்ன் நகரிலிருந்து புகையிரதத்தில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு கிராமத்தில், மாட்டுத் தொழுவத்தின் சுவரோடு ஒட்டிக் கட்டிய மரக் கொட்டில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு முச்சக்கர வண்டியை உள்ளே விட்டால் மேற்கொண்டு இடமிராது, அவ்வளவு சிறிய கடை. காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கப்படும், இரவு ஒன்பது மணிக்குச் சாத்தப்படும். இடைப்பட்ட நேரம் முழுவதும் விற்பதற்கென்று அங்கே ஒருவரும் நிற்பதில்லை. பாலும் முட்டையும் உருளைக்கிழங்கும் பழமும் அடுக்கியிருக்கும், விலை எழுதியிருக்கும், சுவரில் ஓர் இரும்புக் காசுப்பெட்டி பொருத்தியிருக்கும். வேண்டியதை எடுத்துக் கணக்கைக் கூட்டி, காசைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். ஜேர்மன் மொழியில் இதை 'ஹோஃப்லாடன்', அதாவது பண்ணைக் கடை என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் நாட்டுப்புறங்களில் இவ்வகைக் கடைகள் பரவலாக உண்டு.

2024 செப்டெம்பரில் அந்தக் கிராமத்தில் என் பால்ய நண்பன் வீட்டில் ஒன்பது நாள் தங்கியிருந்தேன். நாங்கள் இருவரும் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். எங்கள் இரு குடும்பங்களும் ஒரே வட்டையில் வயல் செய்தவை. 1990இல் போர் மறுபடி மூண்ட பிறகு அவன் ஊரை விட்டுப் போனான். அன்று மண்முனைத் துறையில் அவன் வாவியைக் கடந்தது பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில். அதே இடத்தில் 2014இல் பாலம் திறந்ததை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். சுவிஸில் பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கப் போய்வரும் எங்கள் பகுதி ஆட்கள் மலையையும் பனியையும் படம் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இப்படி ஒரு கடை இருப்பதை எனக்கு முன்கூட்டி ஒருவரும் சொன்னதில்லை. ஒன்பது நாளில் ஏழு தடவை அங்கே போனேன். அந்த நாட்டில் நான் பார்த்தவற்றுள் எனக்கு அதிகம் சிந்திக்கக் கொடுத்தது அந்தக் கொட்டில்தான்.

முதல் தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அந்நாட்டில் ஞாயிறு என்றால், பெரிய புகையிரத நிலையங்களுக்குள் இருப்பவை போன்ற சிலவற்றைத் தவிர, கடைகள் பூட்டியே இருக்கும். நண்பன் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறவன். அன்று அவனுக்குக் காலை முறை. ஆகவே பன்னிரண்டு வயதான தன் இளைய மகளை எனக்குத் துணையாக அனுப்பினான். பிள்ளை என்னை "மாமா" என்று வாய் நிறைய அழைத்து, எதிர்ப்பட்ட ஒவ்வொருவருக்கும் அவர்கள் மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டு நடந்தாள். முன்பின் அறியாதவர்களும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். ஆனால் அந்த வணக்கத்துக்குப் பின்னால் ஒரு கேள்வியும் வரவில்லை. எங்கள் ஊரில் "எங்க போறீங்க?" என்பதே வணக்கம், அங்கே அப்படிக் கேட்பது பிறருடைய காரியத்தில் கைவைப்பது ஆகிவிடும் என்று பிள்ளை எனக்கு விளக்கினாள்.

பிளம்ஸ் பழம் ஒரு பை 3 பிராங் என்றிருந்தது. என்னிடம் இருந்தது ஒரேயொரு 5 பிராங் குற்றி. அதைப் பெட்டிக்குள் போட்ட பிறகுதான் மிச்சம் தருவதற்கு ஆளில்லை என்பது நினைவில் உறைத்தது. ஒரு பிராங் அப்போது 350 ரூபாவுக்குச் சற்று மேல். எழுநூறு ரூபாவைச் சுவருக்குள் போட்டுவிட்டு நிற்கும் உணர்வு எனக்கு. பிள்ளை நண்பனுக்குத் தொலைபேசி எடுத்தாள். "கொப்பியில எழுதிப் போட்டு வா மச்சான், மறுகா எடுக்கலாம்" என்றான் அவன்.

பெட்டிக்குக் கீழே ஆணியொன்றில், நூல் கோத்த ஒரு கொப்பி தொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுரக்கோட்டுக் கொப்பி. அதே நூலின் மறுமுனையில் பாதி தேய்ந்த பென்சில். திகதி, எடுத்த பொருள், போட்ட காசு என்று மூன்று நிரல்கள். ஒருவர் அரைப் பிராங் குறைத்துப் போட்டு, நாளைக்குத் தருவதாக எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் அதே கையெழுத்தில் அது தீர்க்கப்பட்டிருந்தது. முதியவர் ஒருவரின் நடுங்கிய எழுத்து ஒரு வரியில், எழுத்துப் பழகும் பிள்ளையின் பெரிய இலக்கம் மறு வரியில். பிள்ளை சொல்லச் சொல்ல நானும் எழுதினேன்: பிளம்ஸ் 3, போட்டது 5, மிச்சம் 2.

கடன் கொப்பி எங்களுக்குப் புதியதல்ல. போகம் வெட்டி நெல் விற்றுக் காசு கைக்கு வரும்வரை படுவான்கரையில் எத்தனை வீடுகளின் அடுப்பு கடைக்காரரின் கொப்பியால் எரிந்தது என்பது எங்கள் வயதினருக்குத் தெரியும். என் தாயார் கொப்பியைப் பார்த்ததே இல்லை. முதலாளி எழுதுவார், பெரும்போகம் முடியச் சொல்லுவார், இவர் கொடுப்பார். ஆனால் அந்தக் கொப்பியில் பெயர் ஏற வேண்டுமென்றால் இன்னாருடைய மகள், இந்த ஊர், இந்தக் குடி என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் வந்து கால் கிலோச் சீனிக்குக் கடன் கேட்டால் எங்கள் முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் யோசித்திருப்பார். அந்தக் கொட்டிலில் என்னை அறிந்தவர் ஒருவருமில்லை. நான் யாரென்று கேட்காமலே பென்சிலை என் கையில் கொடுத்திருந்தார்கள். அங்கே எழுதுகிறவர் வாங்குகிறவரே என்பதுதான் இரண்டு கொப்பிகளுக்கும் உள்ள வித்தியாசம், அது சிறிய வித்தியாசமல்ல.

இதை முழுக்க நம்பிக்கையின் பெருமையாக மட்டும் எழுதினால் பிழையாகிவிடும். கூரை மூலையில் சிறிய கமரா ஒன்று இருந்தது. கதவில் அதை அறிவித்தும் இருந்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்னர் யாரோ காசுப்பெட்டியை உடைக்கப் பார்த்த பின்னர்தான் அது வந்ததாம். அதைக் கண்டதும் என் மனம் சற்றுச் சோர்ந்தது உண்மை. பிறகு நெல் சூடடிக்கும் எங்கள் களவெட்டியை நினைத்துக்கொண்டேன். சூடடித்துப் பொலி குவித்த இரவுகளில் நானும் இவனும் சாக்கை விரித்துப் படுத்துக் காவல் காத்தவர்கள்தானே. காவல் இருந்தது என்பதற்காக ஊரில் நம்பிக்கை இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. இன்னுமொரு காரணத்தை நண்பன் சொன்னான்: அங்கே ஆளின் கூலிதான் எல்லாவற்றிலும் விலை கூடியது, ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்துபோகும் கடையில் ஒருவரைச் சம்பளத்துக்கு நிறுத்தினால் பாலும் முட்டையும் விற்று அந்தச் சம்பளத்தைக் கொடுக்க இயலாது. கணவன், மனைவி, கணவனின் தகப்பன் ஆகிய மூவர்தான் அந்தப் பண்ணையின் எல்லா வேலைக்கும். கடைக்காரியை நான் ஒரு தடவைதான் கண்டேன். முழங்கால்வரை சப்பாத்து அணிந்து வைக்கோலை வாரிக்கொண்டிருந்தார், கையை உயர்த்தி வணக்கம் சொன்னார், திரும்பவும் குனிந்துவிட்டார்.

பொருட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உருளைக்கிழங்கு மண்ணோடு இருக்கும், வெட்டினால் மஞ்சள் நிறம், கறிக்குக் கரையாமல் நிற்கும். பழ ஜாம் என் நாவுக்கு இனிப்பு அதிகம். ஆப்பிள்கள் சந்தைப் பழம்போல் பளபளப்பதில்லை, சிலவற்றில் புள்ளி விழுந்திருக்கும், ஆனால் வாசனை அறையை நிறைக்கும். தலைமயிர் பின்னியதுபோல் வெண்ணெய் சேர்த்துச் சுடும் பாண் ஒன்று சனிக்கிழமைகளில் மட்டும் வரும். பத்து மணிக்குப் பின்னர் போனால் கிடைக்காது. முட்டை ஒன்று 70 ராப்பன் (நூறு ராப்பன் ஒரு பிராங்). பேரங்காடியில் வெளிநாட்டு முட்டை இதைவிட மலிவு. மலிவைத் தேடுகிறவர்கள் இந்தக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

பாலைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் நான் சோதித்துப் பார்த்தது அதைத்தான். சுவரில் பதித்த இயந்திரத்தில் ஒன்றரைப் பிராங் போட்டுப் போத்தலைப் பிடித்தால் ஒரு லீற்றர் பச்சைப்பால் குளிர்ந்து இறங்கும். 70 பாகைக்கு மேல் சூடாக்கிய பின்னரே அருந்த வேண்டும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறது. அங்கே சட்டப்படி எழுதியே ஆக வேண்டிய அந்த எச்சரிக்கை, பாலைப் பொங்கவிடாமல் வாயில் வைத்தறியாத எங்களுக்குத் தேவையற்றது. நண்பன் என்னிடம் ஊரிலிருந்து கேட்டிருந்த ஒரே பொருள் ஒரு தயிர்ச் சட்டி. சாரத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்து, உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். அந்தப் பாலை அந்தச் சட்டியில் உறையவைப்பது என்று இருவரும் தீர்மானித்தோம்.

முதல் இரவு தோற்றோம். காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அதே கடையில் வாங்கிய யோகட்டில் ஒரு கரண்டியை உறையாகக் கலந்து, ஊரில் செய்வதைப் போலச் சமையலறையில் மூடிவைத்துவிட்டுப் படுத்தோம். விடிந்தபோது பால் பாலாகவே இருந்தது. மட்டக்களப்பில் இரவின் வெக்கையே அடுப்பாக இருந்து தயிரை உறையவைத்துவிடுகிறது. அந்தக் கிராமத்தில் செப்டெம்பர் இரவில் சமையலறைக் குளிருக்குப் போர்வை வேண்டியிருந்தது. மறுநாள் நண்பனின் மனைவி, "அண்ணா, வெதுப்பி அடுப்புக்குள்ள வைச்சு லைட்ட மட்டும் போட்டு விடுவம்" என்றார். அந்தச் சிறு விளக்கின் சூடு போதுமாக இருந்தது. காலையில் சட்டியை எடுத்தபோது மேலே விரற்கடை அளவுக்கு மஞ்சள் ஆடை. மண் ஈரத்தை உறிஞ்சி வெளிப்புறம் குளிர்ந்து வியர்த்திருந்தது. கரண்டி வைத்த இடத்தில் தயிர் துண்டாக விலகிற்று.

இருந்தும் சட்டியைச் சரித்தபோது ஓரம் விட்டு அசைந்தது. கவிழ்த்தாலும் விழாத எங்கள் எருமைத் தயிர் அதுவாக முடியாது. எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழு, எட்டு வீதம், பசுப் பாலிலோ நாலு வீதத்தை ஒட்டியே இருக்கும். குறை பாலினுடையதல்ல. பசுப் பாலென்று எடுத்துக்கொண்டால், அவ்வளவு சுத்தமான, புல்லின் மணம் மாறாத பாலை நான் அண்மையில் குடித்ததில்லை. நண்பன் சோற்றில் அந்தத் தயிரை அள்ளிப் போட்டு, சீனி தூவி, வாழைப்பழத்தைப் பிசைந்து, கையாலேயே உண்டான். மகள் கிண்ணத்தில் தனியாக எடுத்துக் கரண்டியால் சாப்பிட்டுவிட்டு, இனிப்பைச் சோற்றோடு ஏன் சேர்க்கிறீர்கள் அப்பா என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. ஒரு கவளத்தை உருட்டி அவள் வாயில் வைத்தான், அவளும் வாங்கிக்கொண்டாள்.

கடையின் பெரிய குறை என்று நான் கருதுவது ஒன்று உண்டு. நாலாம் நாள் வாங்கிய பத்து முட்டையில் இரண்டு அடிப்பக்கம் வெடித்திருந்தன. ஊரில் என்றால் கொண்டுபோய்க் காட்டிய கையோடு மாற்றித் தருவார்கள், அதற்கிடையில் நாலு கதையும் பேசி முடிந்திருக்கும். இங்கே காட்டுவதற்கு முகம் இல்லை. தொழுவத்துக்குள் போய்க் கேட்கவா என்றேன்; அழைக்காமல் வேலை நேரத்தில் போவது சரியல்ல என்று நண்பன் தடுத்துவிட்டான். அவன் வீட்டுக்கு எதிரில் இருப்பவர்களே நாள் குறித்துவிட்டுத்தான் தேநீருக்கு வருவார்களாம். பிள்ளை கொப்பியில் ஜேர்மன் மொழியில் எழுதினாள். அடுத்த நாள் பார்த்தேன், பதில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் எங்கள் வரிக்குக் கீழே, "மன்னிக்கவும், இரண்டு முட்டை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி, இரண்டு என்ற சொல்லின் கீழ் கோடிட்டிருந்தார்கள். நியாயம் கிடைத்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று நாட்களும் எனக்கு நீண்டவை. வியாபாரத்தில் பேச்சும் ஒரு சரக்கு என்று வளர்ந்தவன் நான். அந்தச் சரக்கு அங்கே இல்லை.

இதை நண்பனிடம் சொன்னபோது அவன் என்னோடு உடன்படவில்லை. "வந்த புதிசில கடைக்குள்ள போனா எண்ட கையத்தான் பாத்துக்கொண்டு நிப்பானுகள் மச்சான். இது கையப் பாக்காத கடை" என்றான். கமரா இருக்கிறதே என்றேன். "அது எல்லாரையும் ஒரே மாதிரித்தானே பாக்குது" என்றான். முப்பத்துநாலு வருடங்களாக, எந்த ஊர், ஏன் வந்தாய், எப்போது போவாய் என்ற கேள்விகளுக்கு அலுவலகங்களிலும் வேலைத்தலங்களிலும் அந்நிய மொழியில் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தவனுக்கு, ஒன்றும் கேட்காத நாலு மரச் சுவர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எனக்கு வெறுமையாகப் பட்டது அவனுக்கு ஓய்வு. அவன் சொன்ன பிறகு நானும் அந்தக் கடைக்குள் வேறு மாதிரி நின்றேன். அவசரமில்லாமல், யாரும் பார்த்துக்கொண்டிராமல், ஒவ்வோர் ஆப்பிளாக எடுத்து முகர்ந்து பார்த்தேன்.

எங்கள் பக்கத்திலும் இப்படி ஒன்றை வைக்கலாமா என்று வந்தவுடன் சிலர் கேட்டார்கள். பாலுக்கு இயலாது, எங்கள் வெயிலில் சில மணி நேரத்திலேயே திரிந்துவிடும், இயந்திரத்துக்கும் குளிர்ப்பெட்டிக்கும் ஓயாத மின்சாரம் வேண்டும். வத்தகப்பழமும் பூசணியும் சோளமும் தோட்டத்து வாசலில் விலை எழுதி வைத்துப் பார்க்கலாம் என்று உண்மையாகவே எண்ணுகிறேன். தோட்டக்காரர் பழத்துக்குக் காவலிருந்து தெருவோரம் காயும் நேரத்தில் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிடலாம்.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். ஒரு பிராங், இரண்டு பிராங் குற்றிகளும் அரைப் பிராங்குகளும் கையில் இருக்கட்டும். அங்குள்ளவர்கள் 'ட்விண்ட்' என்ற கைத்தொலைபேசிச் செயலியால் கட்டுகிறார்கள். சுவிஸ் வங்கிக் கணக்கில்லாத எனக்கு அது உதவவில்லை. பாலுக்கு வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுபோனால் போத்தலுக்குத் தனியாகக் காசு கட்டத் தேவையில்லை. விலைப்பட்டியல் ஜேர்மனில் மட்டுமே உள்ளது. பிள்ளைகளில் ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது. மாலை ஐந்து மணிக்குப் பால் கறக்கும் நேரம். அப்போது போனால் சுவருக்கு அப்பால் மாடுகளின் கழுத்து மணி கேட்கும்.

திரும்பும் நாளில் விடியற்காலையே தனியாகப் போனேன். பெட்டிக்குள் எனது இரண்டு பிராங் இன்னும் இருந்தது. சலாது ஒரு கட்டு 2 பிராங். நண்பனின் மனைவிக்கென்று ஒன்றை எடுத்தேன். கொப்பியை எடுத்து முதல் நாள் பக்கத்தைத் தேடி மிச்சம் என்ற வரியை வெட்டிவிட்டு, அன்றைய திகதியைப் போட்டு, எனக்கு எழுத வரும் ஒரே மொழியில் எழுதினேன்: சலாது 2, கணக்குச் சரி. கீழே என் பெயரையும் மட்டக்களப்பு என்பதையும் எழுதிவிட்டுப் பென்சிலை நூலில் தொங்கவிட்டேன்.